ரிக் பெர்ரியைக் கவிழ்த்தது அந்த 53 வினாடிகளா?

நீங்கள் கேட்டது இது: 2011 ஆகஸ்டில் டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் குதித்தார், இரண்டே வாரத்தில் கருத்துக்கணிப்புகளில் முதலிடத்துக்கு வந்தார், அடுத்த ஜனவரி முடிவதற்குள் போட்டியிலேயே இல்லை, விவாத மேடையில் மூன்றாவது துறையின் பெயர் ஞாபகம் வராமல் 'ஊப்ஸ்' என்றாரே, அதுதான் அவரை முடித்ததா, இல்லை தாமதமாக வந்ததா? இதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. களத்தில் இறங்குகிற அன்று ஒருவருக்குக் கிடைக்கும் ஆதரவு உண்மையில் எதற்கான ஆதரவு? இதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும், அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் 17 வருடமாக அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு வேலையில் இருக்கிறேன். கேள்வித்தாள் எழுதுவது, தொலைபேசிப் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்ப்பது, எண்களைச் சீர்செய்வது எல்லாம் அன்றாட வேலை. எந்தக் கட்சியிலும் இல்லை, யாருடைய பிரசாரத்திலும் வேலை செய்ததில்லை. ஆகவே பெர்ரியின் அறைக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு நான் சாட்சி இல்லை, வெளியே தெரிந்த எண்களையும் தேதிகளையும் விதிகளையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

'ஊப்ஸ்' விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் இதில்தான் எனக்குச் சந்தேகமே இல்லை. அது நடந்தது 2011 நவம்பர் 9, மிச்சிகன் மாநிலம் ராச்செஸ்டரில், ஓக்லாண்ட் பல்கலைக்கழக மேடையில். ஆட்சிக்கு வந்தால் மூன்று அரசுத் துறைகளை மூடிவிடுவேன் என்று விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். வணிகம், கல்வி, அப்புறம் மூன்றாவது வரவில்லை. தேடித் தடவி, பக்கத்தில் நின்றவர்கள் எடுத்துக் கொடுத்தும் வராமல், கிட்டத்தட்ட 53 வினாடிகள் கழித்து 'ஊப்ஸ்' என்ற அந்த வார்த்தைதான் வந்தது. பார்த்தவர் யாரும் மறக்க மாட்டார்கள். ஆனால் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 17 முதல் 21 வரை எடுத்ததில் பெர்ரி 29 சதவீதம், அதே போட்டியில் இருந்த மிட் ராம்னி 17. செப்டம்பர் நடுவில் பெர்ரி 31, ராம்னி 24. அக்டோபர் முதல் வாரத்தில் ராம்னி 20, ஹெர்மன் கெய்ன் 18, பெர்ரி 15. நவம்பர் முதல் வாரத்தில், அதாவது அந்த விவாதத்துக்குச் சில நாள் முன்பு, ராம்னியும் கெய்னும் ஆளுக்கு 21, நியூட் கிங்ரிச் 12, பெர்ரி 11. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள், சுமார் மூன்று வாரத்தில், ஆதரவு சரிபாதியாகிவிட்டது. 'ஊப்ஸ்' அதற்கும் ஒரு மாதம் கழித்து வந்தது. எழுந்திருக்க இருந்த கடைசி வாய்ப்பை அது கெடுத்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன், அதுதான் விழச்செய்தது என்றால் எண்கள் ஒத்துவராது.

அப்படியானால் அந்த மூன்று வாரத்தில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. அதற்கு முன்னால், அவர் ஏறியது எப்படி என்று பார்க்க வேண்டும். 2011 கோடையில் நாட்டில் வேலையின்மை 9 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பெர்ரி 2000 டிசம்பரில் புஷ் அதிபராகப் போனதால் காலியான ஆளுநர் பதவியில் உட்கார்ந்தவர், அதன் பிறகு மூன்று தேர்தலில் ஜெயித்தவர், விமானப்படையில் விமானம் ஓட்டியவர், டெக்சாஸில் வேலைகள் பெருகியதைச் சொல்லிக்கொள்ளக்கூடியவர். ஆகஸ்ட் 6 அன்று ஹூஸ்டனில் ஒரு பெரிய விளையாட்டரங்கில் சுமார் 30,000 பேரைக் கூட்டிப் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தினார். சமயப் பற்றுள்ள பழமைவாதிகளுக்கும் வரியையும் அரசுச் செலவையும் வெறுக்கிற பழமைவாதிகளுக்கும் ஒரே சமயத்தில் பிடித்த ஆள் என்று அவர் ஒருவரைத்தான் அன்றைக்குக் காட்ட முடிந்தது. மறுபக்கம் ராம்னி. மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது 2006-ல் அவர் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தால் இவர்கள் அவரை மனதார ஏற்கவில்லை. 20, 25-க்கு மேல் அவர் நகரவும் இல்லை. ராம்னி வேண்டாம் என்று நினைத்தவர்கள் பெரும்பான்மை, அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த இடம் காலியாக இருந்தபோது பெர்ரி உள்ளே வந்தார்.

வந்த விதமும் கவனிக்க வேண்டியது. ஆகஸ்ட் 13 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அறிவித்தார். அதே நாள் அயோவாவின் ஏம்ஸ் நகரில் கட்சியின் மாதிரி வாக்கெடுப்பு. மிஷெல் பாக்மன் 4,823 ஓட்டு வாங்கி ஜெயித்தார், மூன்றாவதாக வந்த டிம் பாலென்டி மறுநாளே போட்டியிலிருந்து விலகினார். பெர்ரியின் பெயர் சீட்டிலேயே இல்லை, ஆனாலும் 718 பேர் தங்கள் கையால் அவர் பெயரை எழுதிப் போட்டார்கள். சீட்டில் பெயர் இருந்த ராம்னிக்கு 567. மறுநாள் செய்தியில் பாக்மனோடு சரிபாதி இடம் பெர்ரிக்கு. இப்படி வருவதில் ஒரு பெரிய ஆதாயம் இருக்கிறது, அதற்குச் சமமான ஆபத்தும் இருக்கிறது. பல மாதமாக ஊர் ஊராகப் போய்ச் சின்னக் கூட்டங்களில் பேசித் தடுமாறித் திருத்திக்கொள்கிறவருக்கு, அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்க 40 பேர்தான் இருப்பார்கள். முதலிடத்தில் வந்து இறங்குகிறவருக்கு முதல் தடுமாற்றமே நாடு முழுக்கத் தெரியும்.

இங்கே என் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த ஆகஸ்ட் கடைசியில் நான் தரம் பார்க்கக் கேட்ட ஒரு தொலைபேசிப் பதிவு இன்னும் மனதில் இருக்கிறது. மத்திய மேற்கில் ஒரு வயதானவர். யாருக்கு ஓட்டு என்றதும் தயங்காமல் பெர்ரி என்றார், உறுதியாகவா என்றதற்கு ஆமாம் என்றார். ஏன் என்று கேட்டபோது "டெக்சாஸ்காரர் அல்லவா, அங்கே வேலை இருக்கிறது" என்றார். வேறு ஏதாவது என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது, பின்னால் தொலைக்காட்சி ஓடுவது மட்டும் கேட்டது, பிறகு மெதுவாக "ராம்னி இல்லையே, அது போதும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அறியாதவரும் இல்லை. வேட்பாளர் தேர்வு தொடங்க நாலு மாதத்துக்கு மேல் இருக்கும்போது எவ்வளவு தெரிந்திருக்குமோ அவ்வளவு தெரிந்திருந்தது. எங்கள் அட்டவணையில் அந்தப் பதிலும், பெர்ரியைப் பத்து வருடமாகத் தெரிந்த டெக்சாஸ் விவசாயியின் பதிலும் ஒரே '1' என்றுதான் பதிவாகும். அந்த இரண்டு ஒன்றுகளையும் கூட்டி 29 என்று தலைப்புச் செய்தி போடுகிறோம். இதைச் சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு. தவறு வாக்காளரிடம் இல்லை. எண்ணை வெளியிடுகிற எங்களிடமும், அதை வைத்து முடிசூட்டுகிற செய்தியாளர்களிடமும்தான் இருக்கிறது.

இனி அந்த மூன்று வாரம். விவாதங்கள் செப்டம்பர் 7, 12, 22, அக்டோபர் 11, 18 என்று வந்தன, அதாவது ஆறு வாரத்தில் ஐந்து. முதல் மேடையிலேயே ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியை, ஒருவர் பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிற மோசடிச் சீட்டோடு ஒப்பிட்டுப் பேசினார். ஃபுளோரிடாவில் ஓய்வுபெற்றவர்கள் எவ்வளவு பேர் என்று யோசித்துக்கொள்ளுங்கள், ராம்னி விடாமல் அதையே பிடித்துக்கொண்டார். 12-ம் தேதி டாம்பாவில் தடுப்பூசி விவகாரம் வந்தது. 2007 பிப்ரவரியில், ஆறாம் வகுப்புக்குப் போகும் பெண் குழந்தைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி தடுப்பூசி போட வேண்டும் என்று பெர்ரி ஓர் ஆணை போட்டிருந்தார். பெற்றோர் மறுக்க வழி இருந்தது, சட்டமன்றமே அந்த ஆணையை ரத்தும் செய்துவிட்டது. ஆனால் தடுப்பூசி தயாரித்த மெர்க் நிறுவனத்துக்குப் பெர்ரியின் முன்னாள் தலைமை உதவியாளர் அரசிடம் பரிந்துபேசும் தரகராக இருந்ததைப் பாக்மன் எடுத்துப் போட்டார். மெர்க்கிடம் வாங்கியது 5,000 டாலர் நன்கொடை, அதற்கு என்னை வாங்கிவிடலாம் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது என்று பெர்ரி பதில் சொன்னார், அந்தப் பதில் கேள்வியை மூடாமல் இன்னும் அகலமாகத் திறந்தது. எவ்வளவுக்கு வாங்கலாம் என்று கேட்பவர் அடுத்துக் கேட்பார் அல்லவா?

எனக்குத் தெரிந்தவரை முதுகை முறித்தது செப்டம்பர் 22, ஆர்லாண்டோ. குடியேற்ற ஆவணம் இல்லாமல் பெற்றோரோடு வந்த பிள்ளைகள் டெக்சாஸிலேயே பள்ளி முடித்தால், கல்லூரியில் மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம் கட்டலாம் என்ற 2001 சட்டத்தில் கையெழுத்திட்டவர் பெர்ரி. அந்தச் சட்டம் டெக்சாஸ் சட்டமன்றத்தில் ஏறக்குறைய ஒருமனதாக நிறைவேறியது. அதைக் குறைசொன்னபோது, தங்கள் தவறு ஏதும் இல்லாமல் இங்கே கொண்டுவரப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு கொடுக்கக் கூடாது என்றால் உங்களுக்கு இதயம் இல்லை என்றே நினைக்கிறேன் என்றார். என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால் அந்த முழு தேர்தலிலும் அவர் சொன்னதில் மிக மரியாதைக்குரிய வாக்கியம் அதுதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவருடைய சொந்த வாக்காளர்கள். தங்களை இதயமில்லாதவர்கள் என்று தங்கள் ஆளே சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள். அதே மேடையில் ராம்னியின் மாறுகிற கொள்கைகளைத் தாக்கப் போய் வாக்கியம் முடிக்க முடியாமல் திணறியும் போனார். இரண்டு நாள் கழித்து அதே ஆர்லாண்டோவில் ஃபுளோரிடா கட்சிப் பிரதிநிதிகளின் மாதிரி வாக்கெடுப்பு, கெய்ன் 37 சதவீதம், பெர்ரி 15. தொலைபேசியில் 'ராம்னி இல்லையே, அது போதும்' என்றவருக்குப் போக இன்னொரு இடம் கிடைத்துவிட்டது. கெய்னும் ராம்னி இல்லைதானே.

பத்து வருடம் ஆளுநராக இருந்தால் இப்படிப் பத்து விஷயம் இருக்கத்தான் செய்யும். மெக்சிகோ எல்லையில் உள்ள மாநிலத்தில் நியாயமாகவும் நடைமுறைக்கு ஒத்தும் இருப்பது, கட்சி வேட்பாளர் தேர்வில் கூட்டம் கூச்சலிடும் விஷயமாகிவிடும். இதை முன்கூட்டியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி பதில் தயார்செய்து, பத்துத் தடவை சொல்லிப் பழகுவதற்குத்தான் மற்றவர்கள் ஒரு வருடத்தைச் செலவிடுகிறார்கள். பெர்ரிக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. 2010 ஆளுநர் பொதுத்தேர்தலில், எதிர்த்து நின்ற பில் ஒயிட்டோடு அவர் ஒரு விவாதத்துக்குக்கூட வரவில்லை, வராமலே ஜெயித்தார். அப்போது அது சாமர்த்தியமாகத் தெரிந்தது.

பணத்திலும் ஒரு வித்தியாசம், இதை வெளியே யாரும் அதிகம் பேசுவதில்லை. டெக்சாஸில் ஆளுநர் தேர்தலுக்குத் தனிநபர் நன்கொடைக்கு உச்சவரம்பே கிடையாது. சில பணக்காரர்கள் பெரிய காசோலை எழுதினால் பிரசாரம் ஓடும். அதிபர் போட்டியில் அன்றைய வரம்பு ஒரு தேர்தலுக்கு ஒருவர் 2,500 டாலர். முதல் ஏழு வாரத்தில் பெர்ரி சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் திரட்டினார், அந்தக் காலாண்டில் ராம்னியைவிட அதிகம், ஆகவே ஆரம்பத்தில் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வரம்புத் தொகையை ஒருமுறையில் கொடுத்து முடித்தவரிடம் மறுபடி கேட்க முடியாது, புது ஆட்களைத் தேட வேண்டும். கணிப்பில் விழுந்துகொண்டிருக்கிறவருக்குப் புது ஆள் எங்கிருந்து வருவார்? அடுத்த காலாண்டில் வரவு வற்றிப்போனது.

இன்னொன்று வர்ஜீனியா. அங்கே பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்தலின் சீட்டில் பெயர் வர அப்போது 10,000 பதிவுபெற்ற வாக்காளர்களின் கையெழுத்து தேவைப்பட்டது, அதிலும் 11 காங்கிரஸ் தொகுதிகள் ஒவ்வொன்றிலும் குறைந்தது 400. கடைசி நாள் டிசம்பர் 22. பெர்ரி கொடுத்ததில் செல்லுபடியானவை போதவில்லை, கிங்ரிச்சுக்கும் அப்படியே; ராம்னியும் ரான் பாலும் மட்டும் தேறினார்கள். வழக்குப் போட்டார், நீதிபதி ஜனவரி 13 அன்று தள்ளுபடி செய்தார், விதியில் குறை இருக்கலாம் என்றாலும் இவ்வளவு தாமதமாக வந்து கேட்டால் எப்படி என்பதே காரணம். மார்ச்சில்தான் அந்த மாநிலத் தேர்தல், அதற்குள் அவரே விலகிவிட்டதால் தோல்விக்கு இது காரணம் ஆகாது. ஆனால் நோய் எங்கே என்று காட்டுகிற அறிகுறி இதுதான். குளிரில் கடைவாசலில் அட்டையும் பேனாவுமாக நின்று கையெழுத்து வாங்க ஆள் வேண்டும், அந்த ஆட்களை ஆகஸ்டில் வந்து டிசம்பருக்குள் 50 மாநிலத்திலும் உருவாக்குவது கஷ்டம்.

இதுவரை சொன்னது எனக்கு உறுதியானவை. இனி சொல்வது என் கணிப்பு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகுவலி காரணம் என்று பலர் சொல்வார்கள். ஜூலை 1 அன்று அவருக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது உண்மை, ஆறே வாரத்தில் களமிறங்கினார், பின்னாளில் அவரே உடல்நிலையும் தயாரிப்புக் குறைவும் தன்னைப் பாதித்ததாக ஒப்புக்கொண்டார். மேடையில் இரண்டு மணி நேரம் நிற்கிற மனிதனுக்கு வலி என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும், ஆனால் இத்தனை சதவீதம் வலியால் போனது என்று பிரிக்க எந்த அளவுகோலும் கிடையாது. தாமதம் பற்றியும் அப்படித்தான். 2007-ல் ஃபிரெட் தாம்சன் செப்டம்பரில் இறங்கி ஜனவரியில் விலகினார். ஜனநாயகக் கட்சியில் 2003 செப்டம்பரில் ஜெனரல் வெஸ்லி கிளார்க் வந்ததும் முன்னிலை பிடித்து, பிப்ரவரியில் விலகினார். இதைப் பார்த்தால் தாமதமே விஷம் என்று தோன்றும். ஆனால் பில் கிளிண்டன் அறிவித்தது 1991 அக்டோபர் 3, ரீகன் 1979 நவம்பர் 13. இருவருமே ஜெயித்தார்கள். ரீகன் அதற்கு முன் 1976-லேயே தன் கட்சி அதிபர் ஃபோர்டை எதிர்த்து மாநாடு வரை போராடியவர், கிளிண்டன் பல வருடமாக நாடெங்கும் போய்ப் பேசி ஆள் சேர்த்தவர். அறிவிப்புத் தேதி தாமதம், வேலை தாமதமில்லை. பெர்ரிக்கு இரண்டுமே தாமதம் என்பது என் எண்ணம்.

2012 ஜனவரி 3 அன்று அயோவாவில், டி மாய்ன் பக்கத்தில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்த காகஸை, அதாவது கட்சிக்காரர்கள் கூடி வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் கூட்டத்தை, ஓரமாக நின்று பார்த்தேன். மடக்கு நாற்காலிகள், கனத்த கோட்டுகள், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒருவர் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் பேசுகிறார், பிறகு வெள்ளைத் துண்டுச் சீட்டில் பெயர் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள், சாப்பாட்டு மேசையில் கொட்டி எல்லார் முன்னாலும் எண்ணுகிறார்கள். ரிக் சான்டோரத்துக்காகப் பேசியவர் அதே தெருக்காரர். சான்டோரம் எங்கள் கவுண்டிக்கே (மாவட்டம் போன்றது) வந்தார், என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார் என்றார். சான்டோரம் அயோவாவின் 99 கவுண்டிகளுக்கும் போனவர். பெர்ரிக்காகப் பேசியவர் டெக்சாஸிலிருந்து வந்த தன்னார்வலர், நல்ல பேச்சு, கண்ணில் உண்மை இருந்தது, ஆனால் அந்த அறையில் அவரை யாருக்கும் தெரியாது. மாநிலம் முழுக்கப் பெர்ரிக்கு 10 சதவீதம், ஐந்தாம் இடம். முதலில் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாகச் சொல்லி, பிறகு சான்டோரம் 34 ஓட்டு முன்னால் என்று திருத்தினார்கள். பெர்ரி ஜனவரி 19 அன்று தென் கரோலினாவில் விலகி கிங்ரிச்சை ஆதரித்தார், அறிவித்த இடத்திலிருந்து சில மைல் தூரத்தில்.

நான் சொன்னதற்கு எதிராகவும் ஒரு சான்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2015 ஜூன் 4 அன்று பெர்ரி மறுபடி இறங்கினார். இந்த முறை நன்றாகப் படித்துத் தயாராகி வந்தார், பேச்சில் தடுமாற்றம் இல்லை. ஆனால் ஆகஸ்டில் முதல் விவாதத்தின் பிரதான மேடைக்குக் கணிப்புகளில் முதல் பத்துப் பேரைத்தான் எடுத்தார்கள், அதில் அவர் இல்லை. செப்டம்பர் 11 அன்று, அந்தப் பெரிய கூட்டத்திலேயே முதல் ஆளாக விலகினார். தயாரிப்பு இருந்தது, காலி இடம் இல்லை, ட்ரம்ப் அதை நிரப்பியிருந்தார். 2011-ல் இடம் இருந்தது, தயாரிப்பு இல்லை. 2017 ஜனவரி 19 அன்று செனட் குழு முன் உட்கார்ந்து, தான் மூடச் சொன்ன அந்த மூன்றாவது துறையை, எரிசக்தித் துறையை, மூடச் சொன்னதற்காக வருந்துவதாகச் சொல்லி, அதற்கே செயலாளரும், அதாவது அமைச்சரும், ஆனார்.

இனி யாராவது புதிதாக இறங்கி மறுவாரமே முன்னிலை என்று செய்தி வந்தால் நான் பார்க்கிறது இவற்றைத்தான்: உறுதியான ஆதரவு எத்தனை பேர், அவர்களுடைய இரண்டாவது விருப்பம் யார், பிரைமரி சீட்டுக் கையெழுத்துகள் எந்த மாநிலங்களில் முடிந்துவிட்டன. அதோடு, 2011-க்குப் பிறகு என் கேள்வித்தாளில் முடிந்தபோதெல்லாம் ஒரு கேள்வியைச் சேர்க்கிறேன், இந்த வேட்பாளரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று. அதற்கு வரும் பதிலில் இன்னொரு வேட்பாளரின் பெயர்தான் முதலில் வருகிறது என்றால், அந்தச் சதவீதத்தைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வேன்.